சட்டைப்பைக்குள் அடங்கும் டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

மழைக்காலம் நெருங்க நெருங்க டார்ச் பற்றிய கேள்விகள் வந்து குவிகின்றன. வயலுக்கு, வண்டிக்கு, கரண்ட் இல்லாத வீட்டுக்கு என்று தேவை ஆளுக்கு ஆள் மாறினாலும், பலரும் தேடுவது கைக்கு அடக்கமான, வெளிச்சம் பலமான, எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிற ஒரே டார்ச்சைத்தான். சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஆன்லைனில் 500 ரூபாய்க்கு '10,000 லூமென்' டார்ச் கிடைக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி டார்ச் 3,000 ரூபாய். அதில் 1,000 லூமென்தான் போட்டிருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? (விருத்தாசலம் வாசகர்)

லூமென் என்பது டார்ச் மொத்தமாக விடும் வெளிச்சத்தின் அளவு. 1,000 என்று போட்டிருப்பதை நம்பலாம். 10,000 நடக்காத காரியம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கையடக்க டார்ச்சில் இருக்கும் நல்ல எல்.இ.டி., ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். இந்த டார்ச்சுகளில் போடும் 18650 வகை லித்தியம் செல் ஒன்றில் மொத்தமே 12.6 வாட்-மணி ஆற்றல்தான் இருக்கிறது (3.5 ஆம்பியர்-மணி, 3.6 வோல்ட்). 100 வாட்டை அந்தச் செல்லால் கொடுக்கவே முடியாது. கொடுத்தாலும் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்கு முன்பே கை பொத்துப்போகும்.

அதே கணக்கை நல்ல டார்ச்சுக்கும் போடுங்கள். 12.6 வாட்-மணியை 100ஆல் பெருக்கினால், ஒரு செல்லில் சுமார் 1,260 லூமென்-மணி இருக்கிறது. அதை 400 லூமெனாகச் செலவழித்தால் மூன்று மணி நேரம் வரும், 100 லூமெனாக என்றால் பன்னிரண்டு மணி நேரம். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த இருப்பை மீறி எதுவும் வராது.

பெட்டியில் 'ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சுகளை அளப்பதற்கான அமெரிக்கத் தர விதி அது. அதன்படி, பொத்தானை அழுத்தி 30 வினாடி கழித்த பிறகுதான் லூமெனை அளக்கத் தொடங்க வேண்டும். ஆனால் 'எவ்வளவு நேரம் எரியும்' என்பதை, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணிக்கொள்ள விதி இடம் தருகிறது. அதனால் '1,000 லூமென், 3 மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தால், 1,000 லூமென் வருவது இரண்டு மூன்று நிமிடம்தான். சூடு ஏறியதும் டார்ச் தானாகவே 300, 400க்கு இறங்கி மீதி நேரத்தை ஓட்டும். இது குறையல்ல. உள்ளங்கை அளவு அலுமினியம் அதற்கு மேல் சூட்டை வெளியேற்ற முடியாது. நேரம் போகப்போக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை நல்ல கம்பெனிகள் கையேட்டில் போடுகின்றன. வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் என்று தோன்ற, லூமென் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 1,000க்கும் 1,200க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இரவில்தான் மூன்று பேஸ் கரண்ட் வருகிறது. மோட்டார் போட வரப்பில் நடந்து போக வேண்டும். பாம்பு பயம் வேறு. தூரம் அடிக்கிற டார்ச் வாங்கலாமா? (ஒரத்தநாடு விவசாயி)

தூரத்துக்கான எண் லூமென் கிடையாது, கேண்டெலா. ஒளிக்கற்றையின் நடுப்பகுதி எவ்வளவு கூர்மை என்பதை அது சொல்லும். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவு வெளிச்சம் அளவுக்குத்தான். ஆள் யார், மாடா நாயா என்று தெரிய வேண்டுமென்றால் அந்த எண்ணில் கால் பங்கைக் கணக்கில் வையுங்கள். 200 மீட்டர் டார்ச்சில் 50 மீட்டர் நன்றாகத் தெரியும். மோட்டார் கொட்டகைக்குப் போய்வர அது தாராளம்.

பாம்புக்குத் தூரம் அடிக்கிற டார்ச் உதவாது. நடுவில் சிறிய வட்டம் கண்ணைப் பறிக்கும், காலடியைச் சுற்றி இருட்டாகக் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு ஒரே சீராகப் பரவும் 100 முதல் 200 லூமென். அதைவிட முக்கியம் நிறம். மலிவான டார்ச்சுகள் 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்), நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். அந்த ஒளியில் காய்ந்த சருகும் கண்ணாடி விரியனின் பழுப்பும் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று போட்ட டார்ச்சை எடுங்கள். சி.ஆர்.ஐ. என்பது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு, பகல் வெளிச்சத்துக்கு 100. அதற்கு விலையாக லூமெனில் கால் பங்கு வரை குறையும். உங்கள் வேலைக்கு அந்த இழப்பு பொருட்டே இல்லை.

டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்து நடங்கள். ஒளி பக்கவாட்டில் தாழ விழும்போது மேடு, பள்ளம், சுருண்டு கிடப்பது எல்லாவற்றுக்கும் நிழல் விழுந்து தனியாகத் தெரியும். நெற்றியில் கட்டும் விளக்கில் ஒளியும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால் நிழல் மறைந்துவிடும், பூச்சியும் முகத்தில் வந்து மோதும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது நெற்றி விளக்கு சிறந்தது, வரப்பில் நடக்கக் கை டார்ச்தான். கணுக்காலுக்கு மேல் மூடும் பூட்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், அதன் கருமை ஈர மண்ணில் எந்த டார்ச்சுக்கும் தப்பிவிடலாம்.

எந்தச் செல் போடுகிற டார்ச் வாங்குவது? உள்ளேயே பேட்டரி வைத்து மூடியது மலிவாக இருக்கிறதே! (திண்டுக்கல் வாசகி)

உள்ளே வைத்து மூடியது வேண்டாம். எல்.இ.டி. பல வருடம் உழைக்கும், லித்தியம் செல் மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். கழற்ற முடியாவிட்டால் அன்றைக்கே முழு டார்ச்சும் குப்பை.

பொதுத் தேவைக்கு எங்கள் முதல் தேர்வு, கழற்றி மாட்டும் 18650 செல் ஒன்று போடுகிற டார்ச். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். அதைப் போடும் டார்ச் 10 முதல் 12 செ.மீ. நீளம், செல்லோடு 100 முதல் 130 கிராம் எடையில் வரும். பேன்ட் பாக்கெட்டுக்குள் போகும், கைப்பையில் பாரம் தெரியாது. 21700 செல் (21 மி.மீ., 70 மி.மீ.) 5,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 5 ஆம்பியர்-மணி) வரை தாங்கும். டார்ச் கொஞ்சம் தடிமனாகும், ஆனால் சூடு தாங்குவதும் கூடும். இரவுக் காவல் வேலைக்கு அதுதான் சரி. கட்டைவிரல் நீளமே உள்ள 16340 டார்ச்சுகள் அழகாக இருக்கும், செல்லின் கொள்ளளவோ 18650இல் ஐந்தில் ஒரு பங்குதான்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ செல் டார்ச்சையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லில் 100 லூமென் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அவசரத்துக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் செல் வாங்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். 14500 என்ற லித்தியம் செல் பார்ப்பதற்கு அச்சாக டபுள் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் போட்டால் சர்க்யூட் போய்விடும். ஆல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டால் அது கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

18650 செல் வாங்கினேன். மேலே 9,900 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கிறது. அரை மணி நேரம்கூட எரியவில்லை. (சிவகாசி வாசகர்)

அந்த அளவில் 9,900 எம்.ஏ.எச். செல் உலகத்தில் எங்குமே இல்லை. நல்ல 18650 செல்லின் உச்சம் 3,500, அதைத் தாண்டினாலும் சொற்பம்தான். சாம்சங், எல்.ஜி., பானசோனிக் போன்றவர்கள் செய்யும் செல்களே பெரும்பாலும் 2,500க்கும் 3,600க்கும் நடுவில்தான் இருக்கின்றன. எடையே காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த நகைக்கடைத் தராசில் வையுங்கள். உண்மையான செல் 45 முதல் 50 கிராம் நிற்கும். 30, 35 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு பாதிதான். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிப் புதுப் பிளாஸ்டிக் உறை மாட்டிய செல் எடையில் தேறிவிடும், அதனால் எடை சரியாக இருந்தாலே நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

வாங்கும்போது நீளத்தையும் கேளுங்கள். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் இரண்டு முதல் நான்கு மி.மீ. கூடுதலாக இருக்கும். குட்டையான டார்ச்சில் மூடி திருகாது, அழுத்தித் திருகினால் செல்லின் அடி நசுங்கும். சில டார்ச்சுகளில் செல்லைத் தலைகீழாகப் போட்டாலும் கெடாதிருக்கப் பிளஸ் முனையைச் சுற்றி ஒரு வளையம் வைத்திருப்பார்கள். அவற்றில் மொட்டு வைத்த செல்தான் தொடும், தட்டை முனை தொடாது. 'புது டார்ச் எரியவில்லை' என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

உறை கிழிந்த செல்லை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். பிளஸ் முனையைச் சுற்றிய விளிம்பு முழுக்க மைனஸ்தான். அந்த இடத்தில் உறை கிழிந்து உலோகம் பட்டால் நேரடி ஷார்ட். தனிச் செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கடையில் டார்ச்சைக் கையில் வாங்கியதும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகர்)

முதலில் குறைந்த வெளிச்சத்தைப் பாருங்கள். எல்லோரும் உச்சத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள், ஆனால் வீட்டில் பத்தில் எட்டு முறை தேவைப்படுவது 5 முதல் 100 லூமென்தான். ராத்திரி குழந்தைக்குப் பால் கலக்க ஒரு லூமென் போதும். அடுத்து, பொத்தானை அழுத்தினால் எது முதலில் வருகிறது? இருட்டில் அழுத்தியதும் 1,000 லூமென் முகத்தில் அடித்தால் சில நிமிடத்துக்குக் கண் தெரியாது. அழுத்த அழுத்த நடுவில் படபடவென்று மின்னும் முறை வருகிற டார்ச்சை வைத்துவிடுங்கள், தினமும் எரிச்சல்தான்.

கடையில் ஓடும் மின்விசிறியின் மேல் குறைந்த வெளிச்சத்தை அடியுங்கள். இறக்கைகள் உறைந்தாற்போலத் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்த டார்ச் ஒளியைக் குறைப்பதற்காக வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. அதிக நேரம் பார்த்தால் கண் வலிக்கும். இறக்கை வழக்கம்போல மங்கலாகச் சுழன்றால் சர்க்யூட் நல்லது. பிறகு வெள்ளைச் சுவர். நடுவில் கறுப்புப் புள்ளியோ சுற்றிலும் மஞ்சள், பச்சை வளையமோ கூடாது. பிறகு உங்கள் உள்ளங்கை. அது பிணம்போல வெளிறித் தெரிந்தால் நிறம் காட்டும் திறன் குறைவு. அதே டார்ச்சில் சிவப்பு ஒயரையும் பிரவுன் ஒயரையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மரை சதுரமாக, தடிமனாக வெட்டியிருக்க வேண்டும், ரப்பர் வளையம் வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். மேசை மேல் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் கூரையைப் பார்த்து நிறுத்தி வைக்க இது வேண்டும். வெள்ளையடித்த கூரை என்றால் 100 லூமெனில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை முழுக்கச் சாப்பாடு பரிமாறும் அளவு வெளிச்சம் வரும், கண்ணில் நேராகவும் படாது.

முன்னால் இழுத்தால் கூர்மையாகவும் தள்ளினால் அகலமாகவும் ஆகும் ஜூம் டார்ச் நல்லதா? (ஆம்பூர் வாசகர்)

தேவையில்லை. முன்னால் இழுக்கும்போது எல்.இ.டி.யின் ஒளியில் பெரும்பகுதி லென்ஸுக்குப் போகாமல் உள்சுவரில் பட்டு வீணாகிறது. நகரும் கழுத்து வழியாகத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். அசையாத ரிஃப்ளெக்டரில் (எல்.இ.டி.யைச் சுற்றியுள்ள பளபளக் கிண்ணம்) புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு வைத்தது நடுவில் கூர்மை, சுற்றிலும் பரவல் இரண்டையும் ஒருசேரத் தரும்.

டைப்-சி சார்ஜிங் என்று வாங்கினேன். போன் சார்ஜரில் ஏறவே இல்லை. டார்ச் பழுதா? (கோவை வாசகி)

பெரும்பாலும் பழுதில்லை. இரண்டு பக்கமும் டைப்-சி முனை உள்ள ஒயரில், மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தை விடும். அதைத் தெரிவிக்க டார்ச்சுக்குள் 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அவற்றைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் பழைய அகல யு.எஸ்.பி., மறுபக்கம் டைப்-சி உள்ள ஒயரைப் பழைய சார்ஜரில் மாட்டிப் பாருங்கள், ஏறும். 3,500 எம்.ஏ.எச். செல்லுக்கு ஒரு ஆம்பியரில் நாலரை மணி நேரம் பிடிக்கும். சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடியை ஈரத்தில் திறக்காதீர்கள்.

மழையில் நனையலாமா? ஐ.பி. எண்கள் புரியவில்லை. (கடலூர் வாசகர்)

தண்ணீர், தூசியை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வதுதான் ஐ.பி. எண். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதற்கு மேல், எவ்வளவு என்று கம்பெனி சொல்ல வேண்டும். புயல் காலத்துக்கு 7 போதும். ரப்பர் வளையத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை அரிசியளவு சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்து மரையைத் தேய்க்கும்.

ஒரு வருடமாக நன்றாக எரிந்த டார்ச் இப்போது தட்டினால்தான் எரிகிறது. தூக்கிப் போடுவதா? (மன்னார்குடி வாசகர்)

வேண்டாம். பின்பக்கம் பொத்தான் உள்ள டார்ச் என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். இதில் மின்சாரம் செல்லின் மைனஸிலிருந்து பின்மூடி ஸ்பிரிங், பொத்தான், மூடியின் மரை, குழாயின் விளிம்பு என்று உடல் வழியாகத் தலைக்குப் போகிறது. இவற்றில் ஏதாவது ஒரு இடத்தில் அழுக்கோ தளர்வோ இருந்தால் மினுக்கும்.

செல்லை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகள், ஸ்பிரிங் நுனி, குழாயின் பின் விளிம்பில் பூச்சு இல்லாமல் பளபளக்கும் வெறும் உலோகம் ஆகியவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் அது கிடைக்கும். கறை போகாவிட்டால் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். சரியாகவில்லையா? பின்மூடி இல்லாமல் செல்லை உள்ளே போட்டு, சின்னத் தாமிர ஒயரின் ஒரு நுனியைச் செல்லின் மைனஸிலும் மறு நுனியை அந்தப் பளபள விளிம்பிலும் ஒரு வினாடி வையுங்கள். சீராக எரிந்தால் தலை நன்றாக இருக்கிறது, கோளாறு பின்மூடியில்.

மூடியின் உள்ளே பார்த்தால் பொத்தானைப் பிடித்து நிற்கும் ஒரு வளையமும் அதில் எதிரெதிரே இரண்டு சிறு பள்ளங்களும் தெரியும். வண்டிப் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி இந்த வளையம்தான் தளரும். கூர்மூக்குக் குறடின் இரு நுனிகளையும் பள்ளங்களில் வைத்து இறுக்குங்கள். பொதுவாக வலப்பக்கம் திருகினால் இறுகும். ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. இழுத்து விடுங்கள். ஒயர் வைத்தும் மினுக்கினால் தலைக்குள் பற்றவைப்பு விட்டிருக்கும். அதை மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

வீட்டில் மடக்குப் பிளக் வைத்த பழைய ரீசார்ஜ் டார்ச் இருக்கிறது. முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ஐந்து நிமிடம்தான் எரிகிறது. (அறந்தாங்கி வாசகி)

அதில் இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. தீர்ந்த நிலையில் சில வாரம் விட்டாலே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு மீளாது. புதுப் பேட்டரி வாங்கி மாற்றலாம். அதன்பின் எரித்த அன்றே சார்ஜ் போடுங்கள், எரிக்காவிட்டாலும் மாதம் ஒரு முறை போடுங்கள். இந்த மாடல்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வீட்டுக் கரண்ட் நேராகச் சர்க்யூட்டுக்குள் வருகிறது. சார்ஜ் ஏறும்போது எரியவிடவும் கூடாது, விரிசல் விட்ட உடலைத் தொடவும் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் மாட்டுங்கள்.

ஃபியூஸ் மாற்றும்போது டார்ச்சை வாயில் கடித்துக்கொள்கிறேன். நெற்றி விளக்கு வாங்கலாமா? (திருவாரூர் வாசகர்)

உடனே வாங்குங்கள். அலுமினிய டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஃபியூஸ் கேரியரின் அருகே முகத்தைக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் உடல் கொண்ட, 100 முதல் 200 லூமென் தரும் நெற்றி விளக்கு போதும். ஒயர் நிறம் தெரிய இதற்கும் சி.ஆர்.ஐ. 90 பாருங்கள். மெயினை இறக்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா? (துபாயிலிருந்து வாசகர்)

டார்ச்சில் போடாத உபரி லித்தியம் செல்களை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் டப்பாவில், முனைகள் தொடாதபடி இருக்கட்டும். வரம்பு 100 வாட்-மணி, உங்கள் 18650 செல்லில் இருப்பது 13க்கும் குறைவு. டார்ச்சையும் கைப்பையிலேயே வைத்து, பையில் தானாக எரியாதிருக்கப் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பூச்சுள்ள மரை கொண்ட டார்ச்சுகளில் அந்தக் கால் சுற்றிலேயே இணைப்பு அறுந்துவிடும். பக்கவாட்டுப் பொத்தான் டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் குடிக்கும். மாதக்கணக்கில் வீட்டில் வைத்துவிட்டு வருவதானால் அவற்றையும் இப்படியே தளர்த்தி, பாதிச் சார்ஜில் விட்டு வாருங்கள்.